கள்ளுக்கடையை எங்கே வைப்பது?

பீடோங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று மாதமாக யாரும் சாப்பிடவில்லை. அதன்மேல் ஒரு தோட்டம் இருக்கிறது. பத்துக் கதவு லயம், பால் கொட்டகை, முனியாண்டி கோயில், பின்னால் பால்மர நிரைகள். எல்லாம் அட்டையும் கம்பியும் பசையும்தான். நான் பிறந்த தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் இப்போது தாமான் வீடுகள். மகளின் பள்ளிக் கண்காட்சிக்காகச் செய்யத் தொடங்கினேன். கண்காட்சி முடிந்துவிட்டது, வேலை முடியவில்லை.

இதற்கு டியோராமா என்று பெயர். கிறிஸ்துமஸ் குடில் பார்த்திருப்பீர்கள். கொலு வைக்கும் வீடுகளில் படிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம் அமைப்பார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். ஆனால் டியோராமாவில் பின்னால் தீட்டிய ஓவியமும் முன்னால் வைத்த பொருளும் எங்கே சேருகின்றன என்று கண்ணுக்குத் தெரியக்கூடாது. அலோர்ஸ்டார் பக்கம், குனோங் கெரியாங் அருகே உள்ள நெல் அரும்பொருளகத்துக்குப் போனவர்களுக்கு இது புரியும். நடுவில் உட்கார்ந்தால் தளம் மெல்லச் சுழலும். வடகொரிய ஓவியர்கள் தீட்டிய வயல்வெளி நம்மைச் சுற்றி விரியும். பார்த்துவிட்டுத் திரும்பும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். கெடா என்றால் நெல் மட்டுமா?

ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று அளவு வைத்துக்கொண்டேன். அறுபதடி மரம் இரண்டரை அடியாகிவிடும். பின்வரிசை மரங்களை இன்னும் சிறியதாக்கினால், மேசை முடியும் இடத்திலும் காடு தொடர்வதுபோல் இருக்கும். பின்திரையை மூலையில்லாமல் வளைத்துக் கட்ட வேண்டும். நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் 1936இல் திறந்த ஆப்பிரிக்க விலங்குக் கூடத்திலும் இதே உத்திதான்.

இவ்வளவும் படித்துச் செய்தேன். அம்மா வந்து ஒரு பார்வை பார்த்தார்.

"வெட்டு மாறிப் போயிருக்கு. நீ பால்மரம் வெட்டினவ பிள்ளைதானாடா?"

வெட்டு இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் இறங்க வேண்டுமாம். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஏறாமல் சற்று வலம் சாய்ந்து ஏறுகின்றன. இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபட்டு அதிகப் பால் வடியும். முப்பது வருடம் உளி பிடித்தவரிடம் வாதாட முடியுமா? நாற்பத்திரண்டு மரத்தையும் கழற்றி மறுபடி தீட்டினேன்.

டியோராமா என்ற சொல்லே பாரிஸில் லூயி டகேர் 1822இல் திறந்த காட்சிக்கூடத்திலிருந்து வந்தது. பின்னாளில் அவர் மெல்லிய துணியின் இரண்டு பக்கமும் தீட்டி, ஒளியை முன்னும் பின்னும் மாற்றிப் பகலை இரவாக்கிக் காட்டினார். 1834இல் காட்டிய ஒரு தேவாலயம் பகலில் காலியாக இருக்கும். இருட்டியதும் நள்ளிரவுப் பூசைக்கு மக்கள் நிறைந்திருப்பார்கள். 1839இல் கூடம் எரிந்துபோனது. அதே ஆண்டு அவருடைய புகைப்பட முறை வெளியானது. உலகம் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

எனக்குத் தேவைப்பட்டது அந்தத் துணிதான். முன்பக்கம் ஆளில்லாத பகல் காடு. பின்பக்கம் விடியற்காலை இருட்டில் தலைவிளக்கோடு நிரைக்குப் போகும் ஆட்கள். பின்விளக்கைப் போட்டதும் அம்மா எதுவும் பேசாமல் நின்றார். பிறகுதான் கேட்டார்: "கள்ளுக்கடை எங்கே?"

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த அசிங்கத்தையுமா காட்டணும்? பிள்ளைங்க பார்க்கிறதும்மா."

நானும் வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். ஆனால் இதே பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்தில், 1946-47இல் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துத்தானே நின்றது! கடையை மறைத்துவிட்டால் அவர்கள் எதற்காக நின்றார்கள் என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

அம்மாவுக்கு அந்த வரலாறெல்லாம் பெரிதாகப் படவில்லை. "சம்பள நாள்ல உங்கப்பாவுக்காக நான் நின்ன வாசப்படி இருக்கு. நான் பார்த்துக்கிட்டிருந்தது எதுன்னு தெரிய வேணாமா?"

அதுவரை என் தோட்டத்தை மேலிருந்து குனிந்துதான் பார்க்க முடிந்தது. மேட்டு பங்களாவிலிருந்து துரை பார்த்திருக்கக்கூடிய பார்வை அது. நிரைகள் அழகாகத் தெரியும், முகங்கள் தெரியாது. மேசைக்குக் கீழே நான்கு செங்கல் கொடுத்து உயர்த்தினேன். இப்போது நாற்காலியில் உட்கார்ந்தால் கண் லயத்து வாசப்படி உயரத்துக்கு வருகிறது. மூன்றாம் கதவுப் படியில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். கோயிலைத் தாண்டி, மரங்களுக்கிடையே, கடையின் ஒரு பக்கச் சுவர் மட்டும் தெரியும்.

அண்ணன் இரண்டு நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் மைலோ டின்னைத் தட்டையாக வெட்டி, நெளி நெளியாக மடித்து எடுத்து வந்தார்.

"அது அத்தாப்புக் கூரை இல்லடா, தகரம். மழை பேஞ்சா சத்தம் லயம் வரைக்கும் கேக்கும்."