சிறிய பேண்ட் சா மில் வாங்குவோர் கவனத்திற்கு

மரவாடி வைத்திருப்பவர்கள், கதவு ஜன்னல் கடை நடத்துபவர்கள், பேக்கிங் பெட்டி செய்து தருபவர்கள் ஆகியோர் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உருட்டு மரத்தை லாரியில் ஏற்றி அறுவை மில்லுக்கு அனுப்பி, வரிசையில் காத்திருந்து, கூலி கொடுத்து, மறுபடி ஏற்றிக் கொண்டுவருவதற்குப் பதில், சிறிய மில் ஒன்றை நாமே வாங்கிப் போட்டால் என்ன?" என்பதே அது.

பெட்ரோல் என்ஜினில் ஓடும், கழற்றி வேறிடம் கொண்டு செல்லக்கூடிய சிறிய பேண்ட் சா இயந்திரங்கள் இப்போது மலிவாகக் கிடைப்பதால் இக்கேள்வி நியாயமானதே. ஆனால் இயந்திரத்தின் விலை இத்தொழிலில் முதல் செலவுதானே தவிர முழுச் செலவு அல்ல. உரிமம், அறுக்கும் அளவு, பிளேடு, பொருத்தும் முறை ஆகிய நான்கையும் கணக்கிட்டுப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். அவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

இயந்திரம் எப்படி வேலை செய்கிறது?

ஊர் அறுவை மில்லில் மரம் ட்ராலியில் நகர்ந்து பிளேடை நோக்கிச் செல்லும். சிறிய இயந்திரத்தில் மரம் அசையாமல் கிடக்கும். பிளேடும் என்ஜினும் உள்ள தலைப்பகுதி தண்டவாளம் போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் நகர்ந்து அறுக்கும். மலிவான மாடல்களில் தலைப்பகுதியைக் கையால்தான் தள்ள வேண்டும். ஒவ்வொரு பலகை அறுத்த பிறகும் கைப்பிடியைச் சுழற்றித் தலையை இறக்க வேண்டும்.

இதில் ஓடும் பிளேடு மெல்லியது. அகலம் பெரும்பாலும் ஒன்றேகால் அங்குலம், கனம் ஏறக்குறைய 1 மி.மீ. பற்களை இருபுறமும் அரை மி.மீ. அளவு விரித்திருப்பதால் அறுப்புக் கோடு சுமார் 2 மி.மீ. அகலத்திற்கு விழும். வட்ட ரம்பத்தில் இது 5 மி.மீ. அல்லது அதற்கு மேலும் போகும்.

இந்த 3 மி.மீ. வித்தியாசம் காசாக எப்படி மாறுகிறது என்று பாருங்கள். 250 மி.மீ. உயரமுள்ள சதுரக் கட்டையில் 25 மி.மீ. பலகை போடுகிறோம். 5 மி.மீ. தூளாகப் போனால் 8 பலகைதான் கிடைக்கும். 2 மி.மீ. போனால் 9 பலகை கிடைக்கும். அதே மரத்தில் ஒரு பலகை கூடுதல். தேக்கு, பலா போன்ற விலை கூடிய மரம் அறுப்பவருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

முதலில் உரிமம், பிறகு இயந்திரம்

"கழற்றி மாட்டும் இயந்திரம்தானே, இதற்கு என்ன லைசென்ஸ்?" என்று விற்பவர் சொல்லலாம். அந்தப் பேச்சை நம்பி முதலீடு செய்வது பெருந்தவறு.

நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் நடந்த மரவெட்டு தொடர்பாகத் தொடங்கிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த உத்தரவுக்குப் பின், மர அறுவைத் தொழில் நாடெங்கும் கடும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. உரிமம் இல்லாத மில்களை மூடவும், முன் அனுமதியின்றிப் புதிய மில் திறப்பதைத் தடுக்கவும் 2002-ல் உத்தரவு பிறந்தது. தமிழகத்தில் மரம் சார்ந்த தொழில்களுக்கு 2010-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2016-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில், மாநில அளவிலான குழு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் முறை வகுக்கப்பட்டது.

ஆகவே, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே மாவட்ட வன அலுவலரிடம் எழுத்து மூலம் விண்ணப்பித்து, எழுத்து மூலமே பதில் பெறுங்கள். இயந்திரத்தின் குதிரைத்திறன், பிளேடு அளவு, வைக்கப்போகும் இடத்தின் சர்வே எண், அறுக்கப்போகும் மர வகைகள் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். இயந்திரத்தை ஓரிடத்தில் வைக்காமல் தோப்புத் தோப்பாகக் கொண்டுபோக எண்ணினால் அதையும் மறைக்காமல் கேட்டு விடுங்கள். வாய்மொழியாகச் சொன்ன சம்மதம் சோதனை வரும் நாளில் உதவாது.

மரம் கொண்டுவருவதற்கு 1968-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகள் உண்டு. எந்த மரம் யாருடைய பட்டா நிலத்திலிருந்து வந்தது என்பதற்கான கடிதம், தேவைப்படும் மரங்களுக்கு அனுமதிச் சீட்டு, வாங்கிய பில் ஆகியவை கோப்பில் இருக்க வேண்டும். சந்தனம், செம்மரம், ஈட்டி போன்றவற்றை "அறுத்து மட்டும் கொடுங்கள்" என்று யார் கொண்டுவந்தாலும் உரிய ஆவணம் பார்க்காமல் வாசலுக்குள் விடக் கூடாது.

உள்ளாட்சி அனுமதியும் மின் இணைப்பும் அடுத்தவை. மோட்டார் பொருத்துவதானால் முறையான தொழில் இணைப்பு பெற வேண்டும். தோப்பில் இருக்கிறதே என்று விவசாய பம்பு செட்டின் இலவச மின்சாரத்தில் மோட்டாரை ஓட்டினால் அது மின் முறைகேடு. அபராதம் இயந்திரத்தின் லாபத்தை விழுங்கி விடும்.

உங்களுக்குக் கட்டுபடியாகுமா?

கணக்கிற்காக ஒரு தொகையை எடுத்துக் கொள்வோம். இயந்திரம், சரக்குக் கட்டணம், தளம், கூரை எல்லாம் சேர்த்து ரூ.3,60,000 ஆகிறது என்று வையுங்கள். 5 ஆண்டுகளில் அதை எடுக்க மாதம் ரூ.6,000 ஒதுக்க வேண்டும். 12 சதவீத வட்டி என்றால் முதல் ஆண்டில் மாதம் ரூ.3,600. ஆக மொத்தம் ரூ.9,600.

மாதம் 100 கன அடி மட்டும் அறுத்தால் ஒரு கன அடி மீது ரூ.96 ஏறுகிறது. 400 கன அடி அறுத்தால் ரூ.24-தான். பெட்ரோல், பிளேடு, ஆள் கூலி இவற்றுக்கு மேல். இந்தக் கூட்டுத்தொகையை உங்கள் ஊர் மில்லின் அறுவைக் கூலியோடும் ஏற்றுகூலி, லாரி வாடகையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாதம் இரண்டு லோடு மட்டும் வாங்கும் கடைக்குக் கூலி அறுவையே லாபமாக இருக்கலாம்.

இந்த இயந்திரம் நன்றாகப் பயன்படும் இடம், மரம் கிடக்கும் இடத்திலேயே அறுக்க வேண்டிய சந்தர்ப்பம். 2011 டிசம்பரில் தானே புயலில் கடலூர், பண்ருட்டிப் பகுதிகளில் பலாவும் முந்திரியும் விழுந்தன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. அத்தகைய நேரங்களில் மரத்தின் விலையைவிட அதை அப்புறப்படுத்தும் செலவே பெரிதாகி விடுகிறது. உருட்டு மரமாக ஏற்றுவதைவிடச் சைஸ் மரமாக ஏற்றினால் பாரமும் இடமும் குறையும்.

அளவில் ஏமாற வேண்டாம்

நாம் மரத்தைச் சுற்றளவில் பேசுகிறோம். இயந்திர விளம்பரத்தில் விட்டத்தைப் போடுகிறார்கள். 22 அங்குல விட்டம் என்றால் சுற்றளவு சுமார் 69 அங்குலம், அதாவது ஐந்தே முக்கால் அடி. அதுவும் நேரான, முண்டு முடிச்சு இல்லாத மரத்துக்கு. அடிப்பகுதி அகன்ற மரங்கள் சட்டத்துக்குள் நுழையாது. நீங்கள் சாதாரணமாக வாங்கும் மரத்தின் சுற்றளவைப் பில் புத்தகத்தில் பார்த்து, அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இயந்திரம் தேர்ந்தெடுங்கள்.

எடையையும் மறக்க வேண்டாம். 4 அடி சுற்றளவு, 10 அடி நீளமுள்ள தடி நம் கால்பங்குக் கணக்கில் 10 கன அடி. உண்மையான கன அளவு ஏறக்குறைய 12.7 கன அடி. பச்சை மரம் கன அடிக்கு 30 கிலோ என்று வைத்தாலும் 380 கிலோ வரும். இரண்டு ஆட்கள் தூக்கிச் சட்டத்தில் வைக்க முடியாது. சாய்வாக உருட்டி ஏற்றும் இரும்புச் சட்டம், கடப்பாரை, செயின் பிளாக் ஆகியவற்றின் விலையையும் முதலீட்டில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. பிளேடு ஓடும் இரண்டு வீல்களும் ஆட்டமில்லாமல் சுற்றுகின்றனவா? கையால் சுற்றிப் பாருங்கள்.

2. பிளேடுக்கு இருபுறமும் உள்ள கைடு ரோலர்களில் ஒன்றை மரத்தின் அகலத்துக்கு ஏற்ப நகர்த்த முடிகிறதா? ரோலர் மரத்தை ஒட்டி இருந்தால்தான் அறுப்பு நேராக வரும்.

3. பிளேடின் நீளம், அகலம், பல் இடைவெளி என்ன? அந்த அளவு பிளேடு உங்கள் மாவட்டத் தலைநகரிலாவது கிடைக்குமா? அந்த இயந்திரத்துக்கு மட்டுமே பொருந்தும் அளவாக இருந்தால் விலை குறைவானாலும் வேண்டாம்.

4. பேரிங், பெல்ட், கிளட்ச் ஆகியவை கடைகளில் கிடைக்கும் நம்பர்களா?

5. வெளிநாட்டிலிருந்து நேரடியாகத் தருவிப்பதானால் இறக்குமதி – ஏற்றுமதிக் குறியீட்டு எண், சுங்க வரி, ஐஜிஎஸ்டி, துறைமுகக் கட்டணம் எல்லாம் சேர்ந்த விலையைக் கேளுங்கள். உள்ளீட்டு வரி வரவு பெறுவது பற்றி உங்கள் கணக்கரிடம் முன்னதாகவே பேசி விடுங்கள்.

6. உங்கள் மரத்தையே கொண்டு சென்று, உங்கள் கண் முன்னே அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். பலகையின் இரு முனையிலும் நடுவிலும் கனத்தை அளந்து பாருங்கள்.

பொருத்தும் முறை

பெட்டியில் வரும் சட்டம் துண்டு துண்டாக இருக்கும். அதைப் போல்ட் போட்டு இணைப்பது அரை நாள் வேலை. மட்டம் பார்ப்பதில்தான் திறமை இருக்கிறது. சட்டம் சற்று முறுக்கினாலும் அறுக்கும் ஒவ்வொரு பலகையிலும் அந்த முறுக்கு வரும்.

நிரந்தர இடமானால் கான்கிரீட் தளம் நல்லது. வேறிடமானால் மண்ணை இடித்து இறுக்கி, ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தின் கீழும் கட்டை கொடுக்க வேண்டும். நீளவாக்கில் நூல் பிடித்தும், குறுக்கே ரசமட்டம் வைத்தும் பாருங்கள். முதல் தடியை ஏற்றிய பிறகு மறுபடி மட்டம் பார்க்க வேண்டும். பாரத்தில் கட்டை அமுங்கியிருக்கும்.

அடுத்து, பிளேடு மாட்டி இழுவை கொடுத்து, பிளேடிலிருந்து குறுக்குச் சட்டத்தின் மேல்மட்டம் வரை இடது பக்கமும் வலது பக்கமும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கைடு ரோலர் பிளேடைச் சுமார் கால் அங்குலம் கீழே அழுத்துமாறும், ரோலரின் பின்விளிம்புக்கும் பிளேடின் முதுகுக்கும் இடையே அரைக்கால் அங்குலம் இடைவெளி இருக்குமாறும் வைப்பது வழக்கம். இயந்திரத்துடன் வரும் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

முதல் நாள் மரமில்லாமல் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, எல்லா போல்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். பின்னர் சிறிய, மென்மையான மரத்தில் தொடங்குங்கள்.

பிளேடுதான் முதலாளி

இத்தொழிலில் லாபத்தைக் காப்பதும் கெடுப்பதும் பிளேடுதான். பலகை அலை அலையாக வந்தால் என்ஜினைக் குறை சொல்ல வேண்டாம். பல் மழுங்கியிருக்கும், பல் விரிப்பு குறைந்திருக்கும், இழுவை போதாமல் இருக்கும், அல்லது ஆள் அவசரமாகத் தள்ளியிருப்பார். இரண்டு மணி நேரம் அறுத்ததும், நன்றாக அறுக்கிறது என்று தோன்றினாலும், பிளேடை மாற்றிச் சாணைக்கு அனுப்புவது நல்லது. மழுங்கிய பிளேடை இழுத்துப் பிடித்து ஓட்டினால் விரிசல் விட்டு அறுந்து போகும். எனவே குறைந்தது ஐந்தாறு பிளேடுகள் கையிருப்பில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் இழுவையைத் தளர்த்தி விட வேண்டும்.

தென்னை பிளேடை விரைவில் மழுக்கும். வெளிப்புறம் இரும்பு போலவும் நடுப்பகுதி சோறு போலவும் இருக்கும். வெளிப்பகுதிப் பலகைக்குத்தான் விலை. சேற்றில் இழுத்து வந்த மரத்தைக் கழுவியோ பட்டையை உரித்தோ அறுக்க வேண்டும்.

சாலையோரப் புளி, வேம்பு, பூவரசு மரங்களில் விளம்பரத் தகடு அடித்த ஆணிகள் உள்ளே புதைந்திருக்கும். வேலியோர மரத்தில் முள்கம்பி இருக்கும். ஓர் ஆணி ஒரு பிளேடைத் தின்று விடும். கையடக்க மெட்டல் டிடெக்டர் வாங்கி வைத்துக் கொள்வது சிக்கனமே. கூலிக்கு வரும் மரத்தில் ஆணியால் பிளேடு கெட்டால் அதன் விலை மரக்காரரைச் சேரும் என்று முன்பே போர்டு எழுதி வைத்து விட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

ஆட்களின் பாதுகாப்பு

மூடி இல்லாமல் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. வேட்டி, தோளில் துண்டு, தளர்ந்த சட்டையுடன் யாரும் அருகில் நிற்கக் கூடாது. பிளேடு ஓடும்போது தூளைக் கையால் தள்ளக் கூடாது. பிளேடை மாற்றும்போதும் சுருட்டும்போதும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மரத்தூளையும் பெட்ரோல் கேனையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. சூடான என்ஜினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. ஒரு விரல் போனால் எந்தக் கணக்கும் அதை ஈடு செய்யாது. ஆகவே தொழிலாளர் காப்பீட்டையும் தொடக்கச் செலவில் சேர்த்து விடுங்கள்.

முடிவாக

மாதந்தோறும் நிச்சயமான மரவரத்து, எழுத்தில் பெற்ற அனுமதி, பிளேடும் சாணையும் அருகில் கிடைக்கும் வசதி, பொறுமையாக ஓட்டும் ஓர் ஆள் ஆகிய நான்கும் உள்ளவருக்கு இந்தச் சிறிய மில் நல்ல துணை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் சற்றுப் பொறுத்திருப்பதே மேல். வாங்க எண்ணுவோர், ஓராண்டுக்கான மர வாங்குதல் கணக்கையும், கொடுத்த அறுவைக் கூலியையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகு இயந்திரக் கடைக்குப் போவது நல்லது.