தானே செய்வதா, வெளியில் வாங்குவதா? அரியாலைக் கடலட்டையும் கம்பனியின் எல்லையும்

எமது வியாபாரிகள் கணக்கில் கெட்டிக்காரர்கள். ஆனால் ஒரு கணக்கை மட்டும் அநேகமானோர் கொப்பியில் எழுதிப் பார்ப்பதில்லை. ஒரு வேலையைச் சொந்த ஆட்களை வைத்துச் செய்விப்பதா, வெளியாரிடம் வாங்குவதா என்பதே அது. லொறியைச் சொந்தமாக வாங்குவதா, வாடகைக்குப் பிடிப்பதா? தையலைக் கடைக்குள்ளேயே வைத்திருப்பதா, வீடுகளுக்குக் கொடுத்து உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசுவதா?

1937இல் ரொனால்ட் கோஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். சந்தையில் எல்லாவற்றையும் விலைக்கு வாங்கலாம் என்றால் கம்பனி எதற்கு? அவர் கண்ட விடை எளிமையானது. சந்தையில் வாங்குவதற்கும் ஒரு செலவுண்டு. ஆள் தேட வேண்டும், விலை பேச வேண்டும், சாமான் தரமா என்று பார்க்க வேண்டும், ஏமாற்றப்பட்டால் பின்னால் அலைய வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைத்து மேற்பார்வை செய்யும் செலவை விட இது கூடினால் வேலை கம்பனிக்குள் வருகிறது. குறைந்தால் வெளியே போகிறது. இவ்வாய்வுகளுக்காக 1991இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இது புத்தகத்தில் மட்டும் உள்ள விடயமல்ல. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்த 2009க்குப் பின் திரும்பி வந்து கடை திறந்தவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு தலைமுறையாக இருந்த அறிமுகம் அறுந்த இடத்தில், வாய்ச்சொல்லில் முடிந்த கொடுக்கல் வாங்கலுக்கும் ரொக்கமும் சாட்சியும் தேவைப்படும். கோஸ் சொன்ன செலவு அதுதான்.

இனி அரியாலைக்கு வருவோம். யாழ் நகருக்குக் கிழக்கே, கடல்நீரேரியை ஒட்டிய இவ்வூரில் சீனக் கூட்டு முதலீட்டுடன் ஒரு கடலட்டைக் குஞ்சு பொரிப்பகம் அமைக்கப்பட்டது. 2022 ஜூனில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் கடலட்டை வளர்க்கும் திட்டத்துக்கு அமைச்சரவை அனுமதி வழங்கியது. (கடலட்டை உண்பது பற்றிய மஸ்அலா இப்பத்திக்குரியதன்று, உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

இத்தொழிலில் மூன்று கட்டங்கள் உள்ளன: குஞ்சு பொரித்தல், வளர்த்தல், அவித்து உலர்த்துதல். பொரிப்பதற்குத் தொட்டிகள், நீர் இறைக்கும் இயந்திரங்கள், பயிற்சி பெற்ற ஆட்கள் என்று பெரிய முதல் வேண்டும். அது கம்பனிக்குப் பொருந்தும் வேலை. வளர்ப்பு அப்படியல்ல. ஆழமற்ற கடலில் வலையடைப்புக் கட்டிச் சுமார் ஒரு வருடம் காக்க வேண்டும். அடைப்புக்குள் கிடப்பது மெதுவாக ஊரும் பிராணி. இரவில் வள்ளத்தில் வரும் கள்வனுக்கு அதை அள்ளுவது சுலபம். மாதச் சம்பளக் காவலாளி விழித்திருந்தானா, தூங்கினானா என்று முதலாளிக்கு எப்படித் தெரியும்? அடைப்பில் கிடப்பது தன்னுடையது என்றால் அவன் தூங்க மாட்டான். ஆகவே வளர்ப்பைக் கரையோரக் குடும்பங்களிடம் விடுவதே மலிவு. பார்க்க முடியாத உழைப்புக்குச் சம்பளத்தை விடப் பங்கு பொருத்தம் என்பதை முளாரபா முறையில் முதலிட்டவர்கள் அறிவார்கள்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பமாகிறது. குடும்பம் நகையை அடகு வைத்துக் கம்பும் வலையும் வாங்கிக் கடலில் நட்டுவிட்டது. அந்த முதலை வேறு தொழிலுக்குத் திருப்ப முடியாது. குஞ்சு விற்பவரும் வளர்ந்த அட்டையை வாங்குபவரும் ஒருவரே என்றால், இரண்டு விலையும் அவர் கையில். மீனைப் போல ஐஸில் போட்டு நல்ல விலைக்குக் காத்திருக்கவும் வழியில்லை. அட்டையை எடுத்தபின் உடனே பக்குவப்படுத்தாவிட்டால் அதன் உடல் கெட்டுவிடும். ஒலிவர் வில்லியம்சன் என்ற அமெரிக்கர் இந்தப் பிணைப்பை ஆராய்ந்துதான் 2009இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு பக்கம் முதலைப் புதைத்த பிறகு மறு பக்கம் பேச்சை மாற்றும் என்பதே அவரது அச்சம்.

கடலட்டையைத் தொடாதவருக்கும் இது பொருந்தும். ஒரேயொரு கம்பனியின் பொருளுக்காகக் கடன் பட்டு குளிரறை கட்டும் முகவரும் இதே நிலையில்தான் நிற்கிறார். முதல் கையில் இருக்கும்போதே, கம்பு நடுவதற்கு முன்பே பேச வேண்டும்: குஞ்சின் விலை, வாங்கும் விலையை நிர்ணயிக்கும் முறை, எடை, தரம், குஞ்சு இறந்தால் நட்டம் யாருக்கு. தவணைக் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளுடன் எழுதிக்கொள்ளுமாறு சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் பணிக்கிறது. எமது வியாபாரிகளோ தெரிந்த மனிதர்தானே என்று விட்டுவிடுகிறோம்! முற்பணம் வாங்கி விற்கும் ஸலம் ஒப்பந்தத்திலும் அளவு, தரம், ஒப்படைக்கும் நாள் மூன்றும் குறிக்கப்பட வேண்டும். குறிப்பிட்ட ஒரு தோட்டத்தின் விளைச்சலை ஸலமாக விற்பதை ஃபுகஹாக்கள் தடுத்ததன் காரணம், அத்தோட்டம் விளையாமலும் போகலாம் என்பதே. ஓர் அடைப்பின் அட்டைக்கும் அதே நியாயம் பொருந்தும்.

மீனவர்களின் எதிர்ப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2021இல் கிளிநொச்சி மாவட்டத்தின் கௌதாரிமுனைப் பண்ணை சர்ச்சைக்குள்ளானது. அடைப்பு நிற்கும் இடத்தில் முன்பு வலை வீசியவரின் இழப்பு கம்பனியின் ஐந்தொகையில் வராது. ஆனால் தெருப் போராட்டமாகவும் வழக்காகவும் வந்து சேரும்.

என் அபிப்பிராயத்தில், சிறு முதலாளிகள் நுழையத்தக்க கட்டம் மூன்றாவது. அவிக்கும் அண்டாவும் உலர்த்தும் தளமும் பொரிப்பகம் அளவுக்குச் செலவு பிடிப்பவையல்ல. உலர்ந்த அட்டை எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கெடாமல் மாதக்கணக்கில் வைக்கலாம், கொழும்பில் இரண்டு மூன்று ஏற்றுமதியாளரிடம் விலை கேட்கலாம். பத்துக் குடும்பங்கள் பங்கு போட்டு ஓர் உலர்த்தும் தளத்தை வைத்திருந்தால், பொரிப்பகத்திடம் குஞ்சு வாங்கும்போதே அவர்களது பேச்சு வேறாக இருக்கும்.