செம்பின் சாமர்த்தியம்

கரியமில வாயு கரைந்த உப்புநீரில் உலோகத் தகடுகளை நிறுத்தி மின்சாரத்தைச் செலுத்தினால், அங்கே பிறக்கும் பொருள் யாதென்பதைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது எதிர்மின்வாயாக நிற்கும் தகட்டின் சுபாவமே ஆகும். 1980-களில் ஜப்பானிய விஞ்ஞானி யோஷியோ ஹோரியும் அவருடைய சகாக்களும் பல உலோகங்களைப் பரீட்சித்தபோது, தங்கமும் வெள்ளியும் கார்பன் மோனாக்ஸைடோடு நின்றுவிட, ஈயமும் வெள்ளீயமும் பார்மிக் அமிலத்தின் உப்பைத் தர, செம்பு ஒன்றே மீத்தேனையும், பிளாஸ்டிக் தொழிலுக்கு ஆதாரமான எத்திலீனையும் கணிசமாக உண்டாக்கிற்று. தங்கத்துக்கு வாய்க்காதது அடுக்களைச் செம்புக்கு வாய்த்தது வேடிக்கைதான்! காரணம் என்னவெனில், வினையின் இடையே பிறக்கும் கார்பன் மோனாக்ஸைடு மூலக்கூறைத் தங்கம் சட்டென்று விட்டுவிடுகிறது. பிளாட்டினமோ விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டு மேற்கொண்டு வினை நடவாமல் தடுத்துவிடுகிறது. செம்பு மாத்திரம், இறுகவும் பற்றாமல் நழுவவும் விடாமல், அடுத்த மாறுதல் நிகழும் வரை அதைத் தன் மேனியில் தாங்கி நிற்கிறது. அந்தச் செம்பிலும், அணுக்கள் சதுரமாக அமைந்த படிகமுகம் எத்திலீனையும், முக்கோணமாக நெருங்கிய முகம் மீத்தேனையும் அதிகமாக ஈனுவதால், கிரியா ஊக்கியை வடிவமைப்போர் வேண்டிய முகத்தையே வெளிப்புறமாக வளர்க்க முயல்கின்றனர். ஆயினும் பத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் ஹைட்ரஜனோடு கலந்தே வெளிவருகின்றன. அவற்றைப் பிரித்தெடுக்கும் செலவும் தொழிற்சாலைக்காரருக்கு ஒரு பெருங்கவலை.