வினவல் சரத்தில் மாறிகளைப் பயன்படுத்துதல்

ஒரு நிரலிலிருந்து தரவுத்தளத்துக்கு அனுப்பப்படும் கட்டளை வினவல் எனப்படும். பெரும்பாலான நிரல்மொழிகளில் வினவலை ஒரு சரமாக, அதாவது எழுத்துகளின் தொடராக, எழுதி அனுப்புகிறோம். தேட வேண்டிய பெயர், எண், தேதி முதலியன ஒவ்வொரு முறையும் மாறுபடும். ஆகவே அவற்றை மாறிகளில் வைத்து வினவலுடன் சேர்க்க வேண்டியுள்ளது. அப்படிச் சேர்க்கும் முறையைப் பொறுத்தே நிரல் சரியாக இயங்குவதும், தரவுகள் பாதுகாப்பாக இருப்பதும் அமையும்.

இக்கட்டுரையில் எஸ்கியூஎல் மொழியின் கட்டளைச் சொற்கள் ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. நிரலில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும்.

சரத்தை ஒட்டும் முறை

'மாணவர்' என்னும் அட்டவணையில் கவிதா என்ற பெயரைத் தேடும் வினவல் இது:

செலக்ட் * ஃப்ரம் மாணவர் வேர் பெயர் = 'கவிதா'

பெயரை மாறியில் வைத்தால் பிஎச்பி மொழியில் இவ்வாறு எழுதலாம்:

$வினவல் = "செலக்ட் * ஃப்ரம் மாணவர் வேர் பெயர் = '$பெயர்'";

பிஎச்பியில் இரட்டை மேற்கோளுக்குள் உள்ள மாறியின் இடத்தில் அதன் மதிப்பு வந்துவிடும். முழுச் சரத்தையும் ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் மதிப்பு வராது. மாறியின் பெயரே அப்படியே நிற்கும். பைத்தானில் கூட்டல் குறியாலோ, 3.6 பதிப்பில் அறிமுகமான எஃப்-சரத்தாலோ இதே வேலையைச் செய்யலாம்.

இம்முறை எளிதாகத் தோன்றும். கவிதா, முருகன் என்று சோதித்தால் சரியாகவே இயங்கும். டி'சூசா என்ற பெயரை உள்ளிட்டால்தான் குறை தெரியும்:

வேர் பெயர் = 'டி'சூசா'

'டி' என்பதோடு பெயர் முடிந்துவிட்டதாகத் தரவுத்தளம் கொள்கிறது. மீதியைக் கட்டளையாகப் படிக்க முயன்று பிழை காட்டுகிறது. பயனர் தந்த ஓர் எழுத்து கட்டளையின் அமைப்பையே மாற்றிவிட்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

வினவல் ஊடுருவல்

தவறுதலாக நிகழ்ந்த இதையே ஒருவர் வேண்டுமென்றே செய்தால் அது எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன், அதாவது வினவல் ஊடுருவல், எனப்படும். பெயர் கேட்கும் பெட்டியில் ' ஆர் '1'='1 என்று உள்ளிட்டால் வினவல் இப்படி ஆகும்:

வேர் பெயர் = '' ஆர் '1'='1'

ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம். எனவே நிபந்தனை எல்லாப் பதிவுகளுக்கும் பொருந்தி, அட்டவணை முழுவதும் வெளியே வந்துவிடும்.

இக்குறை 1998 டிசம்பரில் ஃபிராக் மின்னிதழின் 54ஆம் இதழில் விளக்கப்பட்டது. ஆயினும் 2015 அக்டோபரில் பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் இதே வழியில் 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் திருடப்பட்டன. அவர்களில் 15,656 பேரின் வங்கிக் கணக்கு விவரங்களும் பறிபோயின. அந்நாட்டின் தகவல் ஆணையர் அலுவலகம் நிறுவனத்துக்கு 4,00,000 பவுண்டு அபராதம் விதித்தது.

மேற்கோளை மாற்றினால் போதுமா?

மதிப்பில் உள்ள ஒற்றை மேற்கோளை இரண்டாக எழுதினால் (டி''சூசா) தரவுத்தளம் அதைப் பெயரின் பகுதியாகவே கொள்ளும். ஆனால் எண் புலங்களில் இது உதவாது:

வேர் எண் = $எண்

இங்கே 5 ஆர் 1=1 என்று உள்ளிட்டால் மேற்கோள் குறியே இல்லாமல் நிபந்தனை மாறிவிடும். மேலும், நூறு இடங்களில் கவனமாக இருந்துவிட்டு ஓரிடத்தில் மறந்தாலும் போதும், வழி திறந்துவிடும்.

இடம்பிடிப்பான் முறை

தேர்வுத்தாளில் வரும் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்ற வினாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் மேல் மாணவர் எதை எழுதினாலும் அது விடை மட்டுமே, வினா மாறாது. வினவலிலும் மதிப்பு வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறியை இட்டு, மதிப்பைத் தனியாக அனுப்பலாம். இந்தக் குறி இடம்பிடிப்பான் எனப்படும். பைத்தானின் எஸ்கியூலைட் நூலகத்தில்:

சுட்டி.எக்ஸிகியூட்("செலக்ட் * ஃப்ரம் மாணவர் வேர் பெயர் = ?", (பெயர்,))

தரவுத்தளம் முதலில் கேள்விக்குறியுடன் கூடிய வினவலைப் படித்து, அதன் அமைப்பை முடிவு செய்துகொள்கிறது. அதன் பிறகே மதிப்பு அந்த இடத்தில் வைக்கப்படுகிறது. டி'சூசா என்றாலும், ' ஆர் '1'='1 என்றாலும் அது தேடப்படும் ஒரு பெயர் மட்டுமே. பிஎச்பியில் பிடிஓ, ஜாவாவில் ஜேடிபிசி ஆகியவை இவ்வசதியைத் தருகின்றன.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

1. கேள்விக்குறியைச் சுற்றி மேற்கோள் இடக்கூடாது. இட்டால் அது வெறும் கேள்விக்குறி எழுத்தாகிவிடும்.

2. மேலே உள்ள பைத்தான் வரியில் 'பெயர்' என்பதை அடுத்த காற்புள்ளி தேவை. அது இல்லாவிட்டால் சரத்தின் ஒவ்வொரு குறியெழுத்தும் தனி மதிப்பாக எண்ணப்படும். 'கவிதா' கணினிக்கு ஐந்து குறியெழுத்துகள் (க, வ, இகரக் குறி, த, ஆகாரக் குறி). ஓர் இடத்துக்கு ஐந்து மதிப்புகள் வந்தன என்று பிழை காட்டும்.

3. 'லைக்' தேடலில் விழுக்காட்டுக் குறியை வினவலில் சேர்க்காமல் மதிப்புடன் சேர்க்க வேண்டும்: "%" + பெயர் + "%".

4. 'இன்' பட்டியலில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு கேள்விக்குறி வேண்டும்.

5. அட்டவணைப் பெயர், புலப் பெயர் ஆகியவற்றுக்கு இடம்பிடிப்பான் பயன்படாது. அவை வினாவின் பகுதிகள், விடைகள் அல்ல. பயனர் எந்தப் புலத்தால் வரிசைப்படுத்துவது என்று தேர்ந்தெடுக்க வேண்டுமானால், அனுமதிக்கப்பட்ட பெயர்களை நிரலிலேயே பட்டியலிட்டு, பயனர் தந்தது அதில் இருந்தால் மட்டும் ஏற்க வேண்டும்.

எளிய சோதனை

நீங்கள் எழுதிய நிரலின் ஒவ்வொரு பெட்டியிலும் டி'சூசா என்று உள்ளிட்டுப் பாருங்கள். பிழைச் செய்தி வந்தால் அங்கே மதிப்பு கட்டளையுடன் கலந்திருக்கக்கூடும். எண் புலங்களை இச்சோதனை முழுமையாகக் காட்டாது. எனவே நிரலில் வினவல் எழுதிய வரிகளையும் ஒவ்வொன்றாகப் படித்து, மாறி நேரடியாகச் சரத்துக்குள் வரும் இடங்களைத் திருத்துங்கள். இச்சோதனையை உங்கள் சொந்த நிரலில் மட்டுமே செய்ய வேண்டும். அனுமதியின்றிப் பிறர் தளத்தில் செய்வது இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 உள்ளிட்ட சட்டங்களின்கீழ் குற்றமாகலாம்.