ஜனவரி 30, அடுத்து எந்த ஆண்டு?

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். செல்போனில் செயற்கை நுண்ணறிவு நிரலிடம் ‘டி. கல்லுப்பட்டியில் நடக்கிற மாதிரி ஒரு கதை சொல்லு’ என்று தட்டினால் அரை நிமிடத்தில் ஒரு பக்கம் வந்து விழுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? உள்ளே கதைகளை அடுக்கிவைத்த அலமாரி எதுவும் கிடையாது. இதுவரை வந்த சொற்களை நிரல் பார்த்து, அடுத்து எந்தத் துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போடுகிறது, ஒன்றைப் பொறுக்குகிறது, அதையும் சேர்த்துக்கொண்டு மறுபடி கணக்குப் போடுகிறது. முழுக் கதையும் இப்படித்தான் வளர்கிறது.

நம்மூர்க்காரர் ஒருவரை வைத்தே பார்ப்போம். காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசிக் காலத்தை கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தவர். அவர் மறைந்தது ஜனவரி 30. இந்தத் தேதியை மட்டும் காட்டி ‘அடுத்து என்ன ஆண்டு?’ என்று கேட்டால் எவரும் 1948 என்பார்கள். காந்தி சுடப்பட்ட நாளாயிற்றே! உலகமெங்கும் அத்தனை முறை அது அச்சேறியிருக்கிறது. குமரப்பா மறைந்த ஆண்டோ 1960.

முன்னே வந்ததை எண்ணிப் பின்னே வருவதை ஊகிக்கும் முறை பழசு. ரஷ்யக் கணிதர் மார்க்கோவ் 1913-இலேயே புஷ்கினின் ஒரு கவிதை நாவலில் 20,000 எழுத்துகளை எடுத்து, உயிருக்குப் பின் மெய் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தார். அந்த வழியில் வந்த நிரல்கள் முன்னால் வந்த ஓரிரு சொல்லைத்தான் திரும்பிப் பார்க்கும். ஆகவே 1948 என்றே எழுதும். 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘டிரான்ஸ்ஃபார்மர்’ அமைப்பு இதை மாற்றியது. அது முன்னால் வந்த சொற்கள் அத்தனையையும் பார்த்து, இந்த இடத்துக்கு எது எவ்வளவு முக்கியம் என்று எடை போடுகிறது. நாலு வரிக்கு மேலே ‘குமரப்பா’ என்று இருந்தால் அந்தப் பெயர் ஆண்டை 1960 பக்கம் இழுக்கும். கதையில் முதல் பத்தியில் தொலைந்த ஆடு கடைசிப் பத்தியில் கிடைப்பதும் இந்த இழுப்பால்தான்.

‘அப்ப அதுக்குக் கதைன்னா என்னன்னே தெரியாதாண்ணே?’ என்று கேட்பீர்கள். கதையைத் தெரியவைத்தே எழுதவைக்கலாம் என்று முயன்றவர்களும் உண்டு. 1976-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மீஹன் செய்த ‘டேல் ஸ்பின்’ நிரலில் பசி, தாகம், ஆசை எல்லாவற்றுக்கும் விதி எழுதியிருந்தார்கள். பசித்த கரடி ஒன்று குருவியிடம் தேன் எங்கே என்று கேட்டது. குருவி தேன்கூடு இருக்கும் மரத்தைக் காட்டியது. இடத்தைச் சொல்லாவிட்டால் அடிப்பேன் என்று கரடி மிரட்டியது! கூட்டில் தேன் இருக்கும் என்று நிரலுக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. இப்படி ஒவ்வொன்றாக எத்தனையைத்தான் எழுதிவைப்பது? இன்றைய எந்திரம் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துத் தேனும் கூடும் சேர்ந்தே வருவதைப் பிடித்துக்கொள்கிறது. தெரியும் என்பதா, பழகிவிட்டது என்பதா? பழகிவிட்டது என்றே சொல்வேன்.

பழக்கம்தான் பலவீனமும். வாய்ப்பு மிகுந்த சொல்லையே ஒவ்வொரு முறையும் எடுத்தால் கதை சப்பென்று போகும் என்று கொஞ்சம் தளர்த்திவிடுகிறார்கள். அப்போதும் அதிகம் எழுதப்பட்டதன் பக்கமே சாய்கிறது. கிராமம் என்றால் ஆலமரம், ஆறு, பாட்டி. கரிசலும் பருத்தியும் வானம் பார்த்த பூமியுமாகக் கிடக்கும் நம் பக்கத்துக்கு அது தென்னந்தோப்பு வைத்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். இணையத்தில் கிடக்கும் எழுத்தில் தமிழின் பங்கு ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடாது. அதில் கல்லுப்பட்டி எவ்வளவு இருக்கும்! கி. ராஜநாராயணன் போன்றவர்கள் தேடித்தேடிச் சேர்த்த நாட்டார் கதைகள் தவிர, கரிசல் கதைகளில் பெரும்பகுதி இன்னும் வாய்ச்சொல்லாகவே இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எந்திரம் படித்ததில் குமரப்பா குறைவாக வந்திருந்தால் அந்தப் பெயரின் இழுப்பும் குறையும், 1948 முந்திக்கொள்ளும். கதை சொல்லும் அதே கணக்குத்தான் தகவலும் சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே குரல், ஒரே தெம்பு. கதை வேண்டுமானால் தாராளமாகக் கேளுங்கள். குமரப்பாவைப் பற்றிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுரை எழுதுவதானால் மட்டும், செல்போன் சொன்ன ஆண்டுகளைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.