லஜ்பத் நகர் குழந்தைகளும் ரேஷன் கணக்கும்

தேசப் பிரிவினையின்போது மேற்கு பஞ்சாபிலிருந்து வந்த அகதிகளுக்காக உருவாக்கப்பட்ட குடியிருப்பு, தெற்கு தில்லியின் லஜ்பத் நகர். அப்பகுதியில் 12 சதுர கிலோ மீட்டர் பரப்பில் 1969-ல் மருத்துவர் குழு ஒன்று வீடு வீடாகச் சென்று திருமணமான பெண்களின் பெயர்களைப் பதிவு செய்தது. 1972 வரை அங்கு எட்டாயிரத்துக்கும் அதிகமான குழந்தைகள் பிறந்தன. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அவர்களது எடையும் உயரமும் குறிக்கப்பட்டன. எடை குறைந்து பிறக்கும் குழந்தை தேறுமா, தேறாதா என்பதே அன்றைய கவலை. சர்க்கரை நோய் அந்தப் பதிவேட்டின் நோக்கத்தில் இல்லை.

ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து அவர்களில் 1,526 பேரைத் தேடிக் கண்டுபிடித்து ரத்தப் பரிசோதனை செய்தனர். அப்போது அவர்களது சராசரி வயது 29. முடிவுகளை எஸ்.கே. பார்கவா, எச்.பி.எஸ். சச்தேவ் உள்ளிட்ட மருத்துவர்கள் 2004-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்டனர். 4.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. மேலும் 10.8 சதவீதத்தினர் அதன் வாசலில் நின்றனர். முப்பது வயதை எட்டுமுன்பே ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவரின் ரத்தத்தில் சர்க்கரை அளவு தடம் மாறியிருந்தது.

யாருக்கு மாறியது என்பதில்தான் ஆய்வின் சாரம் இருக்கிறது. கொழுகொழுவென்று வளர்ந்த குழந்தைகளுக்கு அல்ல; இரண்டு வயது வரை மெலிந்திருந்து, அதன் பின்னர் வேகமாகச் சதை போட்டவர்களுக்கே ஆபத்து அதிகம். அவர்களில் ஒருவர்கூட 12 வயதில் சர்வதேச அளவுகோலின்படி உடல் பருமன் உள்ளவராக இருக்கவில்லை. பள்ளியில் நிறுத்தி எடை பார்த்திருந்தால், "சாதாரணம்' என்றே சான்றிதழ் கிடைத்திருக்கும்.

உண்ட உணவு உடலில் சிதைந்து மாறும்போது ரத்தத்தில் சேரும் சர்க்கரை, கொழுப்பு, அமினோ அமிலங்கள் போன்றவற்றை வளர்சிதைப் பொருள்கள் என்கிறது அறிவியல். ஒருவரது உடலில் இவற்றின் அளவைத் தீர்மானிப்பதில் மரபணு, உணவு, வாழ்க்கை முறை மூன்றுக்கும் பங்குண்டு. இந்தியரைப் பொருத்தவரை தாயின் கருப்பையையும் சேர்த்து நான்கு என்று கொள்ள வேண்டும்.

மரபணுவின் பங்கை மறுப்பதற்கில்லை. 2006-ல் ஐஸ்லாந்தில் சர்க்கரை நோயுடன் தொடர்புபடுத்தப்பட்ட டிசிஎஃப்7எல்2 என்ற மரபணு மாறுபாடு, இந்தியர்களிடமும் அதே வேலையைச் செய்வதைப் பின்னர் புணே, சென்னை ஆய்வுகள் உறுதி செய்தன. ஆனால், பழியை முழுவதும் பரம்பரையின் மீது போட்டுவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. 1970-களின் முற்பகுதியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய ஆய்வில் நகர்ப்புறங்களில் இந்நோய் சுமார் 2 சதவீதமாக இருந்தது. அதே கவுன்சிலின் பெரிய ஆய்வு 2023-ல் வெளியானபோது, நகரம், கிராமம் சேர்த்து 11.4 சதவீதம், அதாவது 10 கோடிப் பேர். இரு ஆய்வுகளின் முறைகள் வேறு என்பதால் நேருக்கு நேர் ஒப்பிட இயலாது. ஆயினும், ஐம்பது ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணு மாறிவிடுவதில்லை.

கருப்பைக் கணக்கு: புணே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக், 1993 முதல் அருகிலுள்ள ஆறு கிராமங்களின் கர்ப்பிணிகளை ஆய்வு செய்து வருபவர். அங்கு பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. புணே குழந்தைகளுக்குத் தசை குறைவாக இருந்தது. ஆனால், தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. யாக்னிக் தம்மையே உதாரணமாக்கி 2004-ல் லான்செட் இதழில் ஒரு படம் வெளியிட்டார். அவருக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினுக்கும் உடல் நிறை குறியீட்டெண் ஒன்றுதான்: 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசில் இருவரும் சமம். உள்ளே இருப்பது வேறு.

அக்கிராமத் தாய்மார்களில் பெரும்பாலோருக்கு வைட்டமின் பி12 குறைவு. பால், முட்டை, மாமிசம் ஆகியவற்றில் மட்டுமே இயற்கையாகக் கிடைக்கும் சத்து இது. இது குறைந்தால் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் ரத்தத்தில் மிகும். பி12 குறைந்து ஃபோலேட் மிகுந்திருந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை என்று 2008-ல் யாக்னிக் குழு எழுதியது. இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கு அரசு தவறாமல் வழங்குவது இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை. அதில் பி12 இல்லை.

இவை ஆராய்ச்சியாளரின் ஆவணங்களில் முடங்கிய செய்திகள் அல்ல. மத்திய சுகாதார அமைச்சகமே 2019-ல் வெளியிட்ட விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயதுள்ளோரில் பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோயின் முந்தைய நிலை காணப்பட்டது. 31 சதவீதத்தினருக்கு பி12 பற்றாக்குறை. அதே வயதினரில் 24 சதவீதம் பேர் வயதுக்கேற்ற எடையின்றி மெலிந்தவர்கள். பசியும் சர்க்கரையும் வெவ்வேறு இந்தியாக்களின் நோய்கள் என்று இதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஆனால், சட்டம் இன்னமும் கிலோவில்தான் கணக்கிடுகிறது. 2013-ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியத்தை உறுதி செய்கிறது. 2023 ஜனவரி முதல் அது இலவசம். பயன்பெறுவோர் சுமார் 81 கோடி. பட்டினியைத் தடுத்த சட்டம் என்ற பெருமை அதற்கு உண்டு; அதைக் குறைக்கக் கோருவோர் ஏழைகளின் நண்பர்கள் அல்லர். எனினும், அதில் பருப்புக்கு உரிமை இல்லை; எண்ணெய்க்கும் இல்லை. மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வுக் குழு, 1.2 லட்சம் பேரின் உணவை ஆராய்ந்து 2025-ல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியரின் உணவில் 62 சதவீத ஆற்றல் மாவுச் சத்திலிருந்தே கிடைக்கிறது. அதில் 5 சதவீத அளவைக் குறைத்து பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தைச் சேர்த்தாலே சர்க்கரை நோயின் ஆபத்து குறையும் என்கிறது அக்குழு.

அதே ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. மொத்த மாவுச் சத்தைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் ஆபத்து குறைவதில்லை. 2022 டிசம்பரில் நாடாளுமன்ற வளாகத்தில் எம்.பி.க்களுக்குச் சிறுதானிய விருந்து விமரிசையாகப் பரிமாறப்பட்டது நினைவிருக்கலாம்.

பருப்பு விலை உயரும்போதெல்லாம் அவையில் அமளி நடக்கிறது. ஒரு நாள் ஒத்திவைப்புடன் முடிந்தும் விடுகிறது. பருப்பைச் சட்டபூர்வ உரிமையாக்கும் திருத்தம் இதுவரை நிறைவேறவில்லை. மக்களின் ஊட்டச்சத்து நிலையை உயர்த்துவது அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று என்கிறது அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவு. நீதிமன்றம் சென்று நிலைநாட்ட முடியாத வழிகாட்டு நெறி அது.

பி12-க்கு எளிய வழி முட்டை. தமிழகத்தில் சத்துணவில் முட்டை 1989-ல் நுழைந்தது. 2010 முதல் வாரத்துக்கு ஐந்து. மத்தியப் பிரதேசத்திலோ 2015-ல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை வழங்கும் யோசனையை அப்போதைய முதல்வர் நிராகரித்தார். பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கான மத்திய அரசின் விதிகள், தொடக்கப் பள்ளி மாணவருக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம் என்று வரையறுக்கின்றன. தட்டில் முட்டை வைப்பதா, வேண்டாமா என்பது மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது.