வயிற்றுக்குள் ஒரு பங்கீடு

“பெரியது வயிற்றுக்குள்ளேயே சின்னதின் பங்கையும் தின்றுவிட்டது!”

இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று சிவந்து பருத்தும் மற்றது வெளுத்து மெலிந்தும் பிறந்தால், லயத்துப் பாட்டிமார் இப்படித்தான் சொல்வார்கள். மெலிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் சில சமயம் பாட்டி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி என்னவென்றால், அந்தப் பெரிய பிள்ளையும் சாவின் வாசல்வரை போய் வந்ததுதான்.

இரண்டு கருமுட்டைகளில் உண்டான இரட்டையருக்கு நஞ்சுக்கொடியும் இரண்டு. ஒரே கரு இரண்டாகப் பிரிந்தால் அச்சில் வார்த்ததுபோல் ஒரே சாயலில் பிறப்பார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு நஞ்சு ஒன்றே. (ஒட்டு வாழைப்பழம் தின்பதால் இரட்டை பிறப்பதில்லை. பழத்தைத் தாராளமாகத் தின்னுங்கள்!)

பொதுவான அந்த நஞ்சுக்குள் இருவரின் இரத்தக் குழாய்களும் இணைந்திருக்கும். போக்கும் வரவும் சமமாக இருக்கும்வரை தொல்லையில்லை. இப்படிப்பட்ட 100 ஜோடிகளில் 10 முதல் 15 ஜோடிகளுக்கு மட்டும் இரத்தம் ஒரு பக்கமே சாய்ந்து ஓடத் தொடங்குகிறது. கொடுக்கும் பிள்ளைக்கு இரத்தம் குறைய, சிறுநீரும் குறைகிறது. பனிக்குட நீரில் பெரும்பகுதி பிள்ளையின் சிறுநீரே என்பதால் அதன் குடம் வற்றிப்போகிறது. பிள்ளைக்கு அசையவும் இடமில்லை. வாங்கும் பிள்ளைக்கோ, மிதமிஞ்சி வந்த இரத்தத்தை இறைத்து இறைத்தே இதயம் களைத்துவிடுகிறது. அதன் குடத்தில் நீர் பெருகித் தாயின் வயிறு சில நாட்களிலேயே ஊதிவிடும்.

பெரும்பாலும் 16 முதல் 26 வாரங்களுக்குள் இது நேர்கிறது. கடுமையாகிக் கவனிக்காமல் விட்டால், பெரும்பாலும் இரண்டு பிள்ளைகளுமே தங்குவதில்லை.

ஆகவே, சகோதரிகளே, வயிறு திடீரென்று பெருத்து, இறுகி, மூச்சு முட்டினால், “பிள்ளைகள் நன்றாக வளர்கின்றன” என்று மகிழ்ந்திருக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் போங்கள். அறிகுறியே இல்லாமலும் இது வரும் என்பதால் ஸ்கேன்தான் கண். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில், நஞ்சு ஒன்றா இரண்டா என்று தெளிவாகத் தெரியும். ஒன்று என்றால் 16-ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வேண்டும். லீவு இல்லை, பஸ் தவறிவிட்டது என்று ஒரு தவணையைத் தள்ளினால் நான்கு வாரம் ஓடிவிடும். கேடு விளைய அது போதும்.

மருத்துவம் உண்டு. தாயின் வயிற்றில் சிறு துளையிட்டு, மெல்லிய குழாய் வழியே பார்த்து, இணைந்த குழாய்களை லேசர் ஒளியால் அடைக்கிறார்கள். ஐரோப்பிய மருத்துவர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், லேசர் செய்துகொண்ட தாய்மாரில் 100-க்கு 76 பேருக்கு ஒரு பிள்ளையாவது பிழைத்தது. நீரை மட்டும் ஊசியால் இறைத்தவர்களில் 56 பேருக்கு. சில பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இதைச் செய்கிறார்கள். அங்கே அனுப்பிவைக்கவும் நாள் வேண்டுமல்லவா?

மாமியார்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மருமகள் தின்றதாலோ, பாரம் தூக்கியதாலோ, கண் பட்டதாலோ இது வருவதில்லை. அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். அடுத்த தடவை கிளினிக்குக்கு அவளோடு நீங்களும் போய், “நஞ்சு ஒன்றா, இரண்டா? புத்தகத்தில் எழுதித் தாருங்கள்” என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள்.